இரண்டு சாக்கும் ஒரு நோட்டும்

திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் 1964 முதல் 2003 வரை படித்துப் போன அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், கடைசிச் சில வருடங்களில் படித்த தம்பி தங்கைகளுக்கும் இந்த மடல்.

நான் உங்கள் கல்லூரியில் படித்தவள் இல்லை. அங்கே வளர்ந்தவள். என் அப்பா 1966ல் சேர்ந்து 1994ல் ஓய்வு பெறும்வரை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டிங் பிரிவு இன்ஸ்ட்ரக்டர். நீங்கள் சிவில் எடுத்திருந்தாலும் மெட்டலர்ஜி எடுத்திருந்தாலும் முதல் வருடத்தில் வைஸ் முன்னால் நின்று இரும்பு ராவியிருப்பீர்கள். அந்த வரிசைக்குப் பின்னால் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நடந்தவர்களில் அவர் ஒருவர். அதிகம் பேசமாட்டார். நீங்கள் ராவிய துண்டுகள் இரண்டையும் வாங்கிப் பொருத்தி, ஜன்னல் பக்கம் திரும்பி, வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார். இடுக்கில் வெளிச்சம் கோடாகத் தெரிந்தால் ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுப்பார்.

அண்ணன் என்று மரியாதைக்காக மட்டும் எழுதவில்லை. குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு நீங்கள் எல்லோரும் அண்ணன்தான். பேர் தெரியாவிட்டால் விடுதிப் பேரைச் சொல்லி ‘ஜேடு அண்ணன்’, ‘கோரல் அண்ணன்’ என்போம். விடுதிகளுக்கெல்லாம் ரத்தினக் கற்களின் பெயர். அகேட், டயமண்ட், ரூபி, சஃபையர், பெண்களுக்கு ஓபல். பள்ளிக்கூடத்தில் நவரத்தினம் எழுதச் சொன்னபோது நான் விடுதிகளை மனசுக்குள் வரிசையாக நடந்து எழுதி முடித்தேன்.

இந்த மடலை எழுத வைத்தது ஒரு தவறு. எங்கள் வீட்டில் நடந்த தவறு.

2009ல் அப்பா காலமானார். அடுத்த வருடம் திருவெறும்பூர் வீட்டைக் காலி செய்தோம். பரணில் இரண்டு சாக்கு நிறைய நோட்டுகள். ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு நோட்டு, இருபத்தெட்டு வருடத்துக்கு. யார் எந்த ஜாப் செய்தார், எத்தனை நாள் எடுத்தார், எங்கே பிசகியது, எந்த அரம் தேய்ந்தது, எந்த வைஸின் தாடை மாற்றப்பட்டது என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தார். கல்லூரிக்கு அவர் கொடுத்த மதிப்பெண் பட்டியல் வேறு. இவை அவருடைய சொந்தக் குறிப்புகள். பழைய பேப்பர்க்காரர் வாசலிலேயே தராசைத் தூக்கிப் பிடித்து எடை போட்டார். அன்று எனக்கு நாற்பத்து மூன்று வயது. அரசுப் பள்ளியில் இயற்பியல் பாடம் நடத்துகிறவள். பிள்ளைகளிடம் அளவீடுகளைக் குறித்து வைப்பதுதான் அறிவியலின் முதல் படி என்று வருடா வருடம் சொல்கிறவள். சாக்குகளை வண்டியில் ஏற்ற நானே ஒரு கை கொடுத்தேன்.

ஒரே ஒரு நோட்டு தப்பியது. அதன் பின்பக்கங்கள் வெறுமையாக இருந்ததால் அம்மா அதைத் தையல் மெஷின் இழுப்பறையில் வைத்து, ஜாக்கெட் அளவு எழுதிக்கொண்டிருந்தாள். மெஷினை விற்கும்போதுதான் கையில் கிடைத்தது. முன்பக்கம் அப்பாவின் எழுத்து, பின்பக்கம் அம்மாவுடையது.

முதல் பக்கத்தில் ஒரு அட்டவணை. ஒரு இன்ச், 25.4 மி.மீ. அரை இன்ச், 12.7. ஒரு நூல், 3.175. நூல் என்று எங்கள் ஊர் ஆசாரிகள் சொல்வது இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு. அப்பா தொழில் பழகியது பொன்மலை ரயில்வே பட்டறையில். நாகப்பட்டினத்திலிருந்து 1928ல் பொன்மலைக்கு வந்த அந்தப் பட்டறையில் எல்லாமே இன்ச்சும் நூலும்தான். இந்தியா மெட்ரிக் அளவுக்கு மாறுவதற்கான சட்டம் 1956ல் வந்தது. அது நடைமுறையில் கைகளுக்குள் இறங்க இன்னும் பல வருடங்கள் ஆயின. புதுக் கல்லூரிக்கு வந்த அப்பா, தான் இன்ச்சில் கற்றதை உங்களுக்கு மில்லிமீட்டரில் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு நாடு அளவுகோலை மாற்றியதைப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் படித்திருக்கிறேன். அது நடந்த விதம் இந்தப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு ஃபிட்டர் ராத்திரி உட்கார்ந்து, 25.4ஐ எட்டால் வகுத்திருக்கிறார். மூன்று இடத்தில் அடித்துத் திருத்தியிருக்கிறார்.

எடைக்குப் போன மற்ற நோட்டுகளில் என்னென்ன இருந்திருக்கும் என்று அதற்குப் பிறகுதான் யோசிக்கத் தொடங்கினேன். யோசித்துக்கொண்டே போனபோது, அந்தக் கல்லூரியே எதற்காக வந்தது என்பதையும் தேடிப் படித்தேன். உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் அணைகளும் உருக்காலைகளும் எழுந்துகொண்டிருந்தன. வரப்போகும் ஆலைகளுக்குப் பொறியாளர்கள் போதமாட்டார்கள் என்பது தெரிந்தது. அதற்காக வந்த யோசனைதான் மண்டலப் பொறியியல் கல்லூரிகள், சுருக்கமாக ஆர்.இ.சி. வாரங்கல்லில் 1959 அக்டோபர் 10 அன்று நேரு முதல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். அடுத்த வருடம் சூரத்கல், 1961ல் கோழிக்கோடு, 1964ல் திருச்சி. நாடு முழுக்கக் கடைசியில் பதினேழு ஆயின. நிலம் மாநில அரசுடையது. கட்டிடமும் கருவிகளும் மத்திய அரசின் செலவு. வருடாந்தரச் செலவில் இளநிலைப் படிப்புக்கானது இருவருக்கும் பாதிப் பாதி. இடங்களும் பாதிப் பாதி: ஒரு பாதி அந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு, மறுபாதி பிற மாநிலத்துப் பிள்ளைகளுக்கு.

இந்தப் பாதிப் பாதியைத்தான் நான் உங்கள் கல்லூரியின் முதல் சொத்து என்று நினைக்கிறேன். மண்டலம் என்ற சொல்லைக் கேட்டால் குறுகிய வட்டாரம் என்று தோன்றும். பின்னால் என்.ஐ.டி. என்று பெயர் மாறியபோது, ‘தேசிய’ என்ற சொல் அதைவிடப் பெரியது என்று பலர் மகிழ்ந்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊருக்குள் வேர் பிடித்து நின்றுகொண்டே பாதிக் கதவை வெளியூருக்குத் திறந்து வைப்பது என்ற ஏற்பாடு அந்தப் பழைய சொல்லுக்குள் இருந்தது. அந்த ஏற்பாடு இன்றும் என்.ஐ.டி.களின் சேர்க்கையில் அப்படியே நீடிக்கிறது. சொல்தான் போய்விட்டது.

ஏன் திருச்சி என்று கேட்டால், சுற்றிப் பார்த்தால் போதும். பொன்மலைப் பட்டறை முன்பே இருந்தது. செக்கோஸ்லோவாக்கிய உதவியோடு பெல் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை 1965ல் வந்தது. அதன் தேவையை நம்பித் துவாக்குடியிலும் திருவெறும்பூரிலும் ஃபேப்ரிகேஷன் கம்பெனிகள் முளைத்தன. பெல், துப்பாக்கித் தொழிற்சாலை, கல்லூரி எல்லாம் தஞ்சாவூர் ரோட்டுப் பக்கம் சில வருட இடைவெளியில் எழுந்தவை. கல்லூரிக்கென்று ஏறத்தாழ 800 ஏக்கர். பாறையும் செம்மண்ணுமான மேட்டு நிலம். இங்கே பனையும் கருவேலமும்தான். இன்றைக்கு அங்கே நிற்கிற நிழல் அத்தனையும் யாரோ வைத்து, யாரோ குடத்தில் தண்ணீர் ஊற்றியது. முதல் முதல்வராக இருந்த பி.எஸ். மணிசுந்தரம் பெயர் எல்லோருக்கும் தெரியும். பின்னால் 1982ல் பாரதிதாசன் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் முதல் துணைவேந்தரும் அவரே. அதுவரை சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த உங்கள் கல்லூரி அந்த வருடம் முதல் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது. ஆக, 1981ல் முடித்தவர் கையில் இருக்கும் பட்டமும் 1991ல் முடித்தவர் கையில் இருக்கும் பட்டமும் 2011ல் முடித்தவர் கையில் இருக்கும் பட்டமும் மூன்று வேறு நிறுவனங்களின் பெயரில் இருக்கும். படித்ததென்னவோ ஒரே வளாகத்தில்.

மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியவர் பெயர் எங்கே இருக்கிறது? இதைக் குறையாகக் கேட்கவில்லை. துவாக்குடிக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் கல்லணை இருக்கிறது. ஆழமான ஆற்று மணலில் அடித்தளத்தை எப்படி நிற்க வைப்பது என்பதை அந்த அணையிலிருந்துதான் கற்றேன் என்ற கருத்தை ஆர்தர் காட்டனே பதிவு செய்திருக்கிறார். 1830களில் முக்கொம்பில் மேலணை கட்டியவர் அவர். கல்லணை என்றால் கரிகாலன் பெயர் வரும், காட்டன் பெயர் வரும். மணலுக்குள் கல்லை இறக்கி, அது தானாக அமுங்கி நிலைகொள்ளும்வரை மேலே மேலே அடுக்கலாம் என்று கண்டுபிடித்த ஆளின் பெயர் வராது. அவர் எழுதி வைக்கவில்லை, அல்லது எழுதியது நமக்கு வந்து சேரவில்லை. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் நடந்ததற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. அறுபது வருடத்துக்கு முன்னால் நடந்ததற்குச் செய்யலாம், ஏனென்றால் அதைப் பார்த்தவர்கள் நீங்கள் இருக்கிறீர்கள்.

முதல் செட் அண்ணன்மாரே, இந்தப் பத்தி உங்களுக்கு. நீங்கள் 1964ல் பி.யு.சி. முடித்து ஐந்து வருடப் படிப்புக்கு வந்தவர்கள். 1969ல் வெளியே போனீர்கள். இப்போது எண்பதை நெருங்குகிறீர்கள். நீங்கள் சேர்வதற்குச் சில மாதம் முன்னால், 1964 ஜனவரி 25 அன்று, திருச்சி ரயில் நிலையத்தில் கீழப்பழுவூர் சின்னச்சாமி இந்தியை எதிர்த்துத் தீக்குளித்தார். நீங்கள் சேர்ந்த முதல் வருடம் முடிவதற்குள் 1965 ஜனவரி வந்தது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாநிலம் முழுக்கக் கல்லூரிகளை மூடினார்கள். அந்த நேரத்தில் உங்கள் விடுதி அறைகளில், திட்டப்படி, தமிழ்ப் பையனும் வடக்கிலிருந்து வந்த பையனும் அடுத்தடுத்த கட்டிலில் இருந்திருக்க வேண்டும். அந்த இரவுகளில் என்ன பேசினீர்கள்? மெஸ்ஸில் யார் யாரோடு உட்கார்ந்தார்கள்? ஊருக்குப் போக முடியாமல் தங்கிவிட்ட வெளிமாநிலப் பையன்கள் இருந்தார்களா? தமிழ்நாட்டின் நவீன வரலாற்றில் அந்த ஜனவரியைப் பற்றி அடுக்கடுக்காகப் புத்தகங்கள் இருக்கின்றன. பாதிக்குப் பாதி என்ற ஏற்பாட்டோடு தொடங்கிய ஒரு கல்லூரிக்குள் அந்த ஜனவரி எப்படி இருந்தது என்று படிக்க எனக்கு ஒரு பக்கமும் கிடைக்கவில்லை. உங்களைத் தவிர அதைச் சொல்லக்கூடியவர்கள் யாரும் இல்லை.

எனக்குத் தெரிந்தது பின்னால் வந்த வருடங்கள்தான். அதுவும் ஒர்க்‌ஷாப் வாசலில் அப்பாவுக்குச் சாப்பாட்டு அடுக்கு கொண்டுபோய் நின்ற சிறுமியாகப் பார்த்தது. அப்பாவுக்குத் தமிழ் தெரியும், பட்டறை இங்கிலீஷ் தெரியும். இந்தி ஒரு சொல் தெரியாது. எதிரே நிற்கிற பையனுக்குத் தமிழ் தெரியாது. அப்பா அவன் கையைப் பிடித்து அரத்தின் மேல் வைப்பார். தள்ளும்போது அழுத்தம், இழுக்கும்போது அழுத்தம் இல்லை. இது எந்த மொழியிலும் இல்லாமல் கைக்குக் கை போகும். இரண்டாம் வாரத்தில் பையன் ‘மூலைமட்டம்’ கேட்பான். தச்சுப் பிரிவுக்குப் போய் வந்தவன் ‘கொட்டாப்புளி’ என்பான். மரச்சுத்தியலுக்கு அந்தச் சொல்லை நாக்கு புரளாமல் சொல்லிவிட்டால் தச்சுப் பிரிவு இன்ஸ்ட்ரக்டர் முகத்தில் வருகிற சந்தோஷத்தைப் பார்த்திருக்கிறேன். பட்டடைக்கல், குறடு, துருத்தி, இழைப்புளி, தூக்குக்குண்டு, ரசமட்டம். கலைச்சொல் அகராதிகளில் தேடினால் இவற்றில் பாதி கிடைக்கும். பாட்னாவிலோ ஸ்ரீநகரிலோ இன்றைக்கு எழுபது வயதாகும் ஒரு ஓய்வு பெற்ற எஞ்சினியர் வாயில் மீதிப் பாதி இருக்கலாம். அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்க உங்களால்தான் முடியும், அவர் எண் உங்கள் செட் குழுவில் இருக்கிறது.

கல்லூரியின் பெருமையைச் சொல்லும்போது எல்லோரும் முதலில் சொல்லும் பெயர்கள் எனக்கும் தெரியும். டாடா சன்ஸ் தலைவர் ந. சந்திரசேகரன், டாடா ஸ்டீலின் டி.வி. நரேந்திரன், ப்ளூம் எனர்ஜி தொடங்கிய கே.ஆர். ஸ்ரீதர். அவர்கள் பெயரைச் சொல்லுங்கள், பெருமைதான். ஆனால் அவர்கள் பெயர் தொலைந்துபோகாது. அவர்களை யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள். தொலைந்துபோகக் கூடியது வேறு.

கட்டிடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய கட்டிடம் என்றால் நமக்குச் சுண்ணாம்பு, செங்கல், வளைவு. திருவெறும்பூர் மலைமேல் எறும்பீசுவரர் கோயில் இருக்கிறது, சோழர் காலக் கல்வெட்டுகளோடு. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் கீழே பஸ் ஏறிக் கொஞ்ச நேரத்தில் இறங்கினால் உங்கள் கல்லூரி. கான்கிரீட், கம்பி, நீண்ட வராந்தா, இரண்டு பக்கமும் ஜன்னல். அதை யாரும் மரபு என்று நினைப்பதில்லை. சட்டமும் நினைப்பதில்லை. 1958ன் தொல்சின்னச் சட்டப்படி ஒரு கட்டிடம் குறைந்தது 100 வருடம் நின்றிருக்க வேண்டும். உங்கள் முதல் கட்டிடங்களுக்கு அந்த வயது 2064க்குப் பிறகுதான் வரும். அதுவரை கான்கிரீட் காத்திருக்காது. காற்றிலுள்ள கரியமில வாயு மெதுவாகக் கான்கிரீட்டுக்குள் இறங்கி, அதிலிருக்கும் சுண்ணாம்பின் காரத்தன்மையைக் குறைக்கும். காரம் இருக்கும்வரை உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்காது. காரம் போனதும் துரு தொடங்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அது உள்ளிருந்து தள்ளத் தள்ள மேல்பூச்சு விரிந்து விழும். அறுபதுகளில் கட்டிய எந்த அரசுக் கட்டிடத்தின் கூரையிலும் இதைப் பார்க்கலாம். பராமரித்தால் நிற்கும். பராமரிக்க வேண்டுமென்றால், அது பராமரிக்கத் தகுந்தது என்று யாராவது முதலில் நினைக்க வேண்டும்.

டெல்லி பிரகதி மைதானத்தில் ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ என்றொரு மண்டபம் இருந்தது. 1972ல் ராஜ் ரேவல் வடிவமைத்து, மகேந்திர ராஜ் பொறியியல் கணக்குப் போட்டுக் கட்டியது. தூணே இல்லாத பெரிய கூடம், முழுக்கக் கான்கிரீட் சட்டங்களைக் கோத்து. இரும்பில் செய்ய வேண்டியதை, நமக்கு அன்று மலிவாகக் கிடைத்த கான்கிரீட்டிலும் ஆள் உழைப்பிலும் செய்து காட்டினார்கள். 2017 ஏப்ரலில் அதை இடித்தார்கள். மரபுப் பட்டியலில் சேர்க்கக் கட்டிடத்துக்கு அறுபது வயதாகியிருக்க வேண்டும் என்று அங்கே முடிவெடுத்திருந்தார்கள். அதற்கு ஆனது நாற்பத்தைந்து. அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் லூயி கான் கட்டிய விடுதிகளில் பதினான்கை இடிக்கப் போவதாக 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தபோது, பழைய மாணவர்களும் கட்டிடக் கலைஞர்களும் உலகம் முழுவதிலுமிருந்து எழுதினார்கள். சில வாரத்திலேயே அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். 2022ல் மறுபடி அதே பேச்சு எழுந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த இடைவெளியில் அந்த விடுதிகள் ஒவ்வொரு செங்கலாகப் பேசப்பட்டன, படமெடுக்கப்பட்டன. அதுவும் ஒரு சேமிப்புதான்.

உங்கள் கல்லூரியில் எதையும் யாரும் இடிக்கப் போகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பார்ன் ஹால் அரங்கின் உள்ளே கேட்ட முதல் கைத்தட்டல், ஆக்டகன் கம்ப்யூட்டர் மையத்தில் முதல்முறை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தது, இவை உங்களுக்குத்தான் தெரியும். எந்தச் சுவர் பின்னால் சேர்த்தது, எது முதலிலேயே இருந்தது என்பதும் உங்கள் பழைய போட்டோக்களில்தான் இருக்கிறது. குரூப் போட்டோவில் நீங்கள் உங்கள் முகத்தைத் தேடுவீர்கள். நான் உங்களுக்குப் பின்னால் இருக்கிற மரத்தின் உயரத்தைப் பார்ப்பேன்.

ஒரு கல்லூரி தன் நினைவை எப்படிக் காப்பாற்றுகிறது என்பதற்கு உங்கள் உடன்பிறப்பான கோழிக்கோடு ஆர்.இ.சி.யைச் சொல்வேன். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மார்ச் 1 அன்று, ராஜன் என்ற மாணவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அவர் திரும்பவில்லை. அப்பா ஈச்சர வாரியர் மகனைத் தேடி நீதிமன்றம் போனார். அந்த வழக்கின் விளைவாக 1977ல் கருணாகரன் கேரள முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கினார். வாரியர் பின்னால் தன் நினைவுகளைப் புத்தகமாக எழுதினார். ராஜன் நன்றாகப் பாடுவார். அந்தக் கல்லூரி மாணவர்கள் வருடா வருடம் நடத்தும் கலைவிழா அவர் நினைவாகத்தான், அதன் பெயர் ராகம். பெயர்ப்பலகை ஆர்.இ.சி.யிலிருந்து என்.ஐ.டி.யாக மாறியது. விழாவின் பெயர் மாறவில்லை. ராஜனைப் பார்த்திராத, அவர் இறந்து முப்பது வருடத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் அந்த மேடையில் பாடுகிறார்கள். ஒவ்வொரு கல்லூரிக்கும் அப்படி ஒரு துயரம் இருக்க வேண்டியதில்லை. நினைவை யாரோ ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

திருச்சியிலும் பழைய பெயர் முழுதாக அழியவில்லை. 1986ல் தொழில் முனைவோருக்காகத் தொடங்கிய ட்ரெக்-ஸ்டெப் இன்றும் தன் பெயருக்குள் ஆர்.இ.சி.யை வைத்திருக்கிறது. உங்கள் முன்னாள் மாணவர் சங்கம் இன்றும் ரீகால்தான். அந்தப் பெயருக்குள்ளும் ஆர்.இ.சி. இருக்கிறது, இங்கிலீஷில் அந்த ஒலிக்கு நினைவுகூர்தல் என்றும் பொருள் வரும்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். பரணைப் பாருங்கள். பெட்டியைத் திறவுங்கள். ஒர்க்‌ஷாப் ரெக்கார்டு, டிராயிங் ஷீட், மெஸ் பில், விடுதி நோட்டீஸ், சேர்க்கைக் கடிதம், ஸ்லைடு ரூல், கிளார்க்ஸ் டேபிள், ஃபெஸ்டெம்பர் கலைவிழா தொடங்கிய 1975ஆம் வருடத்து அழைப்பிதழ், வீட்டிலிருந்து வந்த இன்லேண்டு லெட்டர். இதில் எது முக்கியம் என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் கல்யாணப் பத்திரிகையையும் நாடக நோட்டீஸையும்கூடச் சேர்த்து வைத்தார். எதற்கு இந்தக் குப்பை என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். அவர் போன பிறகு 1994ல் அந்தச் சேகரிப்பு சென்னையில் ஆராய்ச்சி நூலகமானது. தமிழ்நாட்டு வரலாறு எழுதுகிற யாரும் இன்று அந்த வாசலை மிதிக்காமல் எழுத முடியாது. சென்னை ஐ.ஐ.டி. 2006லேயே தனக்கென்று ஒரு மரபு மையத்தைத் திறந்துவிட்டது. அதுவும் 1959ல் பிறந்ததுதான், உங்களைவிட ஐந்து வயதுதான் மூத்தது.

கையாள்வது பற்றி ஒரு ஆசிரியையாக இரண்டு வார்த்தை. எதையும் லேமினேட் செய்யாதீர்கள். பிளாஸ்டிக் ஒட்டினால் காகிதத்தைத் திரும்பப் பிரிக்க முடியாது. அமோனியா பிரின்ட் எடுத்த வரைபடங்கள் வெளிச்சத்தில் வெளுத்துக்கொண்டே போகும், அவற்றை முதலில் படமெடுத்துவிடுங்கள். போட்டோவின் பின்னால் பேனாவில் எழுதாதீர்கள், மெல்லிய பென்சிலில் எழுதுங்கள். வருடம், இடம், இடமிருந்து வலமாகப் பெயர்கள். இன்றைக்கு எழுதிவிடுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அந்த முகங்களில் உங்களை மட்டும்தான் தெரியும். நண்பர்களில் யாருக்காவது ஞாபகம் மங்கத் தொடங்கியிருந்தால் அவரிடம் முதலில் போங்கள். போனை மேஜைமேல் வைத்துப் பதிவு செய்யுங்கள், அவர் எந்த மொழியில் பேசுகிறாரோ அந்த மொழியிலேயே.

இன்னொன்று. உங்களுக்கு மெஸ்ஸில் சோறு போட்டவர், லேபில் மோட்டாரை ஓட விட்டவர், நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுத்தவர், இவர்கள் பெயர் ஞாபகம் இருந்தால் எழுதுங்கள். பேராசிரியர்களின் பெயர் பதிவேட்டில் இருக்கும். இவர்களில் பலரின் பெயர் உங்கள் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. அதுவும் ‘அண்ணாச்சி’ என்றோ ‘மாஸ்டர்’ என்றோ இருக்கலாம். அப்படியே எழுதுங்கள்.

சேர்ந்தவற்றை ரீகால் வழியாகக் கல்லூரி நூலகத்தில் ஒரு அறையில், பட்டியலோடு, யார் கொடுத்தது என்ற குறிப்போடு வைக்கக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். ஒரு அலமாரியில் தொடங்கினாலும் போதும். அதற்கு முதல் பொருளாக அப்பாவின் நோட்டைத் தருகிறேன். அம்மாவின் ஜாக்கெட் அளவுப் பக்கங்களைக் கிழிக்காமல், அப்படியேதான் தருவேன். எண்பத்தாறு வயதில் அம்மா அதற்குச் சம்மதித்திருக்கிறாள்.

கொடுப்பதற்கு முன்னால் ஒரு உதவி. நோட்டு 1971-72ஆம் வருடத்துடையது. 38ஆம் பக்கத்தில் டவ்டெயில் ஜாப், 50 மி.மீ. சதுரத் துண்டு. எல்லோருக்கும் நேரே பெயர் இருக்கிறது. ஒரு வரியில் மட்டும் பெயருக்குப் பதிலாக ‘அசாம் தம்பி’ என்று எழுதியிருக்கிறார். எதிரே ஆறு தேதிகள், ஒவ்வொன்றின் முன்னும் பெருக்கல் குறி. ஏழாவது தேதிக்கு முன்னால் குறி இல்லை. அதற்கு நேராக, ‘வெளிச்சம் வரவில்லை’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார்.

அந்தத் தம்பிக்கு இப்போது எழுபதைத் தாண்டியிருக்கும். அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அவர் பெயரைச் சொல்லுங்கள். அந்த வரியில் மெல்லிய பென்சிலால் எழுதிவிட்டு நோட்டை ஒப்படைக்கிறேன்.

அன்புடன்,
ஃபிட்டிங் மாஸ்டர் மகள்
துவாக்குடி